சல்லடையக்காவும் பதினொரு மாதமும்

என் வாயில் ரகசியம் தங்காது. காலையில் கேட்டது மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு மாடியும் ஏறிவிடும். பதினாலு வருடமாக வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் கதையெல்லாம் கேட்பவளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அப்படிப்பட்ட நான் இப்போது இரண்டு ரகசியங்களை விழுங்கிவிட்டுத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வீட்டு ரகசியங்கள். தாயுடையதை மகளிடம் சொல்லக் கூடாது, மகளுடையதைத் தாயிடம் சொல்லக் கூடாது. நீங்கள் அந்த வீட்டுப் பக்கம் போகப்போவதில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் கொட்டுகிறேன்.

தாய் என்றது எங்கள் சல்லடையக்காவை. எங்களுடையது பெரிய சட்ட நிறுவனம். நான்கு மாடி முழுக்க வக்கீல்கள். சட்டம் படித்து முடித்த புதியவர்கள் பன்னிரண்டு பேரை ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பார்கள். அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்குத் தொள்ளாயிரம் விண்ணப்பம் வரும். வருகிற வழி இரண்டு. ஒன்று, இணையதளத்தில் படிவத்தை நிரப்பி நேரடியாக அனுப்புவது. மற்றது சிபாரிசு. உள்ளே இருக்கிற வக்கீல் யாராவது, ‘இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், நம்பி எடுக்கலாம்’ என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். சிபாரிசில் வருவது நேரே நேர்காணலுக்குப் போய்விடும். நேரடியாக வருவது மூன்றாவது மாடியில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குப் போகும். அங்கேதான் அக்கா பத்தொன்பது வருடமாக இருக்கிறார். வந்ததையெல்லாம் சலித்து நாற்பதை மட்டும் மேலே அனுப்புவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். வைத்தவள் நான்.

அவர் சலிப்பதைப் பார்க்க வேண்டும். திரையில் படித்தால் கண் பூத்துப் போகிறது என்று எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொள்வார், ஆளுக்கு ஒரு தாள். விரலில் ரப்பர் உறை, கையில் பென்சில், பக்கத்தில் வெந்நீர். முதலில் மதிப்பெண், அடுத்தது பயிற்சிக்குப் போன இடம், கடைசியில் வருடங்கள். படிப்பு முடிந்த பிறகு ஆறு மாதத்துக்கு மேல் ஓட்டை விழுந்து, அதற்குக் காரணமும் எழுதாமல் விட்டிருந்தால், பென்சில் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடும். “சும்மா இருந்து பழகின கை சும்மா இருக்கத்தான் பாக்கும்” என்பார். ஒரு தாளுக்கு அரை நிமிடம். அந்த ஆறு மாதக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தொள்ளாயிரம் தாளைச் சலிக்க அவராகக் கண்டுபிடித்துக்கொண்டது.

இரக்கம் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் நேரடியாக விண்ணப்பித்துத் தேறாமல் போனான். அடுத்த வாரமே யாரோ பெரிய மனிதர் காலைப் பிடித்து, சிபாரிசோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்தது, நேரடியாக வந்து தேறியிருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய நாற்காலி. அக்காவுக்கு அன்று வந்த கோபத்தை நான் முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்த்ததில்லை. மீட்டிங்கில் பட்டியலை வாசித்துவிட்டு வெளியே வர வேண்டியவர், நின்றபடியே அரை மணி நேரம் பேசியிருக்கிறார். இரண்டு விதி கேட்டார். ஒன்று, நேரடியாக வரும் தாளில் பெயர், ஊர், கல்லூரி எதுவும் தெரியக் கூடாது, எண் மட்டும்தான் இருக்க வேண்டும். இரண்டு, நேரடியாக வந்து கழிக்கப்பட்டவரை இரண்டு வருடத்துக்கு யாரும் சிபாரிசு செய்யக் கூடாது. வக்கீல்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். சந்தோஷம் தாங்காமல் அக்கா அன்று மாலை எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அக்காவுக்கு ஒரே மகள். புருஷன்காரர் அவள் பிறந்த மூன்றாம் வருடம் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனார். அவருக்காக இதற்கு மேல் மை செலவழிப்பதாக இல்லை. மகளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். பத்து வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வந்து, என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். யாராவது வந்தால் அங்கேயிருந்தே “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?” என்று கேட்டு ஆளைக் கலங்கடிப்பாள். என்னைச் சித்தி என்பாள். சட்டம் படித்தாள், சொல்லிக்கொள்ளும்படியாகவே படித்தாள்.

அவள் கடைசித் தேர்வு எழுதிய வாரம் அக்கா வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. எட்டு மாதம் படுத்த படுக்கை, அதற்குப் பிறகு மூன்று மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடை. புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இடுப்பில் பெல்ட் கட்டித் தூக்கி நிறுத்துவது எல்லாம் அந்தப் பெண் ஒருத்திதான். கூடப் படித்தவர்கள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக, இவள் படுக்கைச் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பார்க்கப் போனேன். தூங்குகிற அம்மாவின் கால்மேல் சட்டப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். “இவங்க அசைஞ்சா புக்கு ஆடும் சித்தி. கூப்பிடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்” என்றாள்.

அந்த வருடம் சல்லடை என் கைக்கு வந்தது. கல்லும் அரிசியும் கலந்துதான் மேலே போயின. நான் தேற்றி அனுப்பிய ஒருவனுக்கு இன்றைக்கும் கடித உறையின் எந்த மூலையில் தபால்தலை ஒட்டுவது என்று தெரியாது. அக்கா திரும்பி வந்து, இடுப்பு பெல்ட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு நான் அந்த அறைக்குள் தாள் எதையும் தொட்டதில்லை.

குட்டி வக்கீல் நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு வயசான வக்கீலிடம் சேர்ந்தாள். வக்கீலுக்கு வழக்கு இல்லை, இவளுக்கு வேலை இல்லை. நாள் முழுக்க நகல் எடுப்பதும் வாய்தா தேதி கேட்டு வருவதும்தான். அவள் ஆசையெல்லாம் எங்கள் நிறுவனத்தின் இரண்டாவது மாடி. இயந்திரத்தில் கை போனவர்கள், வேலையில் விழுந்து இடுப்பொடிந்தவர்கள் இவர்களுக்கு இழப்பீடு வாங்கித் தருகிற பிரிவு அங்கே இருக்கிறது. ஆனால் படிப்பு முடிந்து இரண்டு வருடம் தாண்டினால் புதியவர் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பதினொரு மாதம் அம்மாவோடு போயிற்று. அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வருடம்தான்.

விண்ணப்பம் திறந்த அன்று மாலை அம்மாவைக் கூட்டிப்போக வந்தவளை, என் மேஜை முன்னாலேயே அக்கா பிடித்துக்கொண்டார்.

“நேரா அனுப்பித் தொலைக்காத. நூறு பேர் அனுப்பினா நாலோ அஞ்சோதான் தேறும். நான் மேடம்கிட்ட ஒரு வார்த்த பேசறேன்.”

“வேணாம்மா.”

“ஏண்டி வேணாம்? மத்தவங்க எல்லாம் யாரையாவது புடிச்சுதான வர்றாங்க?”

“நாலு வருஷமா வீட்ல சிபாரிசத் திட்டித் தீத்தது யாரு? எனக்கு மட்டும் எப்படி அது நல்லதாச்சு?”

“திட்டினேன். இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள நடக்கறது எனக்குத் தெரியும்டி. கதவு தொறந்திருக்கறப்ப எவளாவது ஊசிக்காதுல நுழைவாளா?”

குட்டி வக்கீல் சிரித்தாள். “அந்தத் தாளெல்லாம் பாக்கறது நீதானம்மா? அப்புறம் எனக்கென்ன பயம்?”

“அதுல பேரு இருக்காதுடி.”

“அதான் நல்லது.”

மகள் தன்னைப் பாராட்டுகிறாளா, குத்துகிறாளா என்று தெரியாமல் அக்கா என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. தொலைபேசி அடிக்காதா என்று நான் அதைப் பார்த்தேன்.

பெற்ற மனம் கேட்குமா? மகள் இன்னும் நேரடியாக எதுவும் அனுப்பவில்லை என்று நம்பிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் அக்கா சிபாரிசுக்கு அலைய ஆரம்பித்தார். இரண்டாவது மாடிப் பிரிவுக்குத் தலைவி பெரிய மேடம். அவர் அறை வாசலில் கோப்பும் கையுமாக அக்கா மூன்று வாரம் போய்ப் போய் நின்றார். உள்ளே போவார், கோப்பைக் கொடுப்பார், வேறு ஏதாவது பேசுவார், வந்துவிடுவார். தனக்கென்று ஒரு பேனா கூடக் கேட்டு வாங்காத மனுஷி. கடைசியில் ஒரு திங்கட்கிழமை கேட்டே விட்டார். மேடம் விவரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாராம்.

“மாணவர் வாதப் போட்டியில, தொண்டை கட்டிப்போயும் விடாம பேசின பொண்ணா? அது உங்க பொண்ணா? நான்தான் அன்னிக்கு நடுவர். பத்தொம்பது வருஷமா இருக்கீங்க, ஒரு வார்த்த சொல்லலியே.”

அரைப் பக்கம் இல்லை, ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி என்னிடம் காட்ட வந்தார். முதுகு ஆபரேஷன் ஆனவர் லிஃப்டை மறந்துவிட்டுப் படியில் வந்திருந்தார். “பாத்தியா, இதுல ஒரு வரி கூடப் பொய் கெடையாது. என் மொகத்துக்காக எழுதினது இல்ல இது” என்று இரண்டு தடவை சொன்னார். மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், நேர்காணலுக்குக் கூப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு உள் தொலைபேசி அடித்தது. “கொஞ்சம் மேல வாடி” என்றார் அக்கா. நான் ‘ஐந்து நிமிடத்தில் வருகிறேன்’ பலகையை வைத்துவிட்டு ஓடினேன்.

மேடம் எழுதிக் கொடுத்ததை அக்கா கணினியில் ஏற்றியிருக்கிறார். மகளின் பெயரும் பிறந்த தேதியும் போட்டதும் திரையில் சிவப்புக் கட்டம் வந்து நின்றுவிட்டது. இந்த நபர் ஏற்கெனவே நேரடியாக விண்ணப்பித்துள்ளார். விண்ணப்ப எண் 212. நிராகரிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குச் சிபாரிசு ஏற்கப்படாது. கட்டைப் பிரித்து 212ஆம் தாளை அக்கா எடுத்து வைத்திருந்தார். மதிப்பெண்ணில் அந்தக் கட்டிலேயே இரண்டாவது இடம். அதன்மேல் குறுக்கே பென்சில் கோடு. ஓரத்தில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து: ‘இடைவெளி 11 மாதம். காரணம் இல்லை.’

“பதினோரு மாசம்” என்றார். “இது என்னோட பதினோரு மாசம்டி.”

நான் கதவைச் சாத்தினேன். “அந்த ‘நிராகரிக்கப்பட்டது’ங்கறத அழிச்சுடுங்கக்கா. உங்க கையிலதான சாவி இருக்கு? ஒரு தட்டு தட்டினா போச்சு. யாருக்குத் தெரியப்போவுது?”

அவர் கை எலிப்பொறிக்குள் மாட்டியதுபோல் விசைப்பலகைமேல் அசையாமல் கிடந்தது. பிறகு அந்தக் கையாலேயே இன்னொரு சிறிய கட்டை என் பக்கம் தள்ளினார். “முப்பத்தேழு பேரு. இதே காரணத்துக்குக் கோடு கிழிச்சது. எண்ணிப் பாத்துட்டேன். இவங்க வீட்லயும் யாராவது படுத்துக் கெடந்திருப்பாங்கல்ல? என் பொண்ணோடத மட்டும் அழிச்சா, இவங்களுக்கு என்ன பதில் சொல்ல?”

“எல்லாரையும் மறுபடி எடுத்துடுங்க.”

“நாப்பது பேர் பட்டியல் போன வாரமே போயாச்சு. கழிச்சவங்களுக்குக் கடிதமும் போயாச்சு.” சொன்னவர் நிறுத்தினார். திரையில் தேதியைப் பார்த்தார். “எட்டு நாளாச்சு. எட்டு நாளா அவ கையில அந்தக் கடிதம் இருக்கு. தெனம் எனக்கு முதுகு புடிச்சு விடறா, டிபன் கட்டிக் குடுக்கறா. ஒரு வார்த்த சொல்லலடி.”

அப்போதுதான் அழுதார். சத்தம் வராமல் இருக்க நான் நகல் இயந்திரத்தை ஓட விட்டேன். ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கேக்கும் வாங்கிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

மேடத்திடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். போனார். போய், “அவளுக்கு இங்க வர்றதுல விருப்பம் இல்லையாம் மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தார். “அப்ப எதுக்கு என்கிட்ட வந்தீங்க?” என்று மேடம் கேட்டதற்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். அன்றிலிருந்து மேடம் அந்த அறைப்பக்கம் கோப்பு கேட்டு ஆளைத்தான் அனுப்புகிறார், அவரே வருவதில்லை.

எனக்கு வந்ததே கோபம். “வாயில என்ன கொழுக்கட்டையா? விதி உங்களோடதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? சொல்லியிருந்தா அந்த விதிய எடுத்திருப்பாங்கல்ல?”

“எடுத்திருப்பாங்க. மேடம் நல்லவங்க. அதான் பயம். என் பொண்ணுக்காக ஒருதரம் எடுத்துட்டா, அடுத்த வருஷம் யார் வீட்டுப் புள்ளைக்கோ எடுப்பாங்க. நாலு வருஷம் முன்னாடி நாற்காலி போச்சுன்னு வாசல்ல நின்னு அழுதாளே ஒரு பொண்ணு, அவள மாதிரி இன்னொருத்தி வந்து நிப்பா.” பென்சிலைக் கூர் சீவியபடியே பேசினார். பென்சில் ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. “நீ இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா அவகிட்ட. பெத்தவளே கோடு கிழிச்சான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா.”

என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

இரண்டு வாரம் போயிற்று. அக்கா அந்த முப்பத்தேழு தாளையும் கட்டி மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்திருக்கிறார். தினமும் ஒருமுறை திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். அடுத்த வருடத்துக்குப் படிவத்தில் ‘இடைவெளிக்குக் காரணம்’ என்று கட்டாயக் கட்டம் ஒன்று வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வைத்துவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. அடுத்த வருடம் குட்டி வக்கீல் புதியவள் இல்லை.

நேற்று மதியம் அவளே வந்தாள். அம்மா பெல்ட்டை வீட்டிலேயே மறந்துவிட்டாராம், கொடுக்க வந்திருக்கிறாள். என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பழைய நாளில் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து நிற்பாளே, அதே நிற்பு.

“சித்தி, ஒண்ணு சொன்னா அம்மாகிட்ட போகக் கூடாது.”

போயிற்றடா என்று நினைத்துக்கொண்டேன். “சொல்லு.”

“நான் இங்க நேரடியா அனுப்பினேன். கெடைக்கல.”

எதுவும் தெரியாதவள்போல் முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “அப்படியா? ஏன், உனக்குத்தான் நல்ல மார்க்காச்சே?”

“பதினோரு மாசம் காலியா இருந்துச்சு. காரணம் கேக்கற எடம் படிவத்துல இல்ல. கடைசியில ‘வேறு விவரம்’னு ரெண்டு வரி இருந்துச்சு. நான் ஒண்ணும் எழுதல. காலியா இருந்தா அம்மா கோடு கிழிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். மார்க்கப் பாத்து விட்டுடுவாங்கன்னு ஒரு நம்பிக்கைதான்.”

“ஏண்டி, அந்த ரெண்டு வரியில எழுதித் தொலைச்சிருக்கலாம்ல? அம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன், கூட இருந்து பாத்துக்கிட்டேன்னு?”

அவள் என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“எழுதினா அது நான்தான்னு அம்மாவுக்குத் தெரிஞ்சுடுமே சித்தி. அப்புறம் அதுவும் சிபாரிசுதான?”

நான் வருகைப் பதிவேட்டைத் தலைகீழாகப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தேன்.

“அம்மாவுக்குத் தெரியவே கூடாது. தன் கையாலயே கிழிச்சோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க” என்று அவள் சொல்லி முடிக்கவும் லிஃப்ட் திறக்கவும் சரியாக இருந்தது. அக்கா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“நீ எதுக்குடி வந்த? சாயங்காலம் வரைக்கும் சமாளிச்சிருப்பேனே. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். திரும்பு, கட்டி விடறேன்.”

அக்கா என் மேஜையைப் பார்த்தபடி திரும்பி நின்றார். மகள் பின்னால் குனிந்து பெல்ட்டைச் சுற்றினாள். கட்டிக் கட்டிப் பழகிய கை, எந்தத் துளையில் மாட்ட வேண்டும் என்று பார்க்கக்கூட இல்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடாதே என்றது அந்தப் பார்வை. அவர் இடுப்புக்குப் பக்கவாட்டில் மகள் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். அவள் பார்வையும் அதையேதான் சொன்னது.

“ரொம்ப இறுக்கமா இருக்காம்மா?”

“இல்ல. இப்படியே இருக்கட்டும்.”

தொலைபேசி அடித்தது. தப்பித்தேன் என்று பாய்ந்து எடுத்தேன். யாரோ ஒரு பெண். இப்போதுதான் சட்டம் முடித்திருக்கிறாளாம், அடுத்த வருடம் எங்கள் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். “நேரடியாவே அனுப்பலாமா மேடம்? இல்ல, உள்ள யாராவது தெரிஞ்சவங்க இருக்கணுமா?” என்று கேட்டாள். பதினாலு வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பதில் சொன்ன கேள்வி அது. தாயும் மகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.